நிலக்கரி நாட்டில் கூட்டுறவு: வடக்கு டகோட்டா தரும் பாடம்

ஒரு நாட்டின் மண்ணுக்கடியில் நிலக்கரியும் எண்ணெயும் நிறைந்திருந்தால் அந்நாட்டு மக்கள் யாவரும் செல்வர்களாய் இருப்பார்கள் என்று பொதுவாக எண்ணப்படுகிறது. உலக அனுபவம் அவ்வாறு இல்லை. சுரங்கம் வெட்டிய ஊரில் குழியும் புகையும் தங்கிவிட, இலாபம் வேறெங்கோ சென்று சேர்ந்த கதைகளே மிகுதி. பொருள் தீர்ந்ததும், அல்லது அதன் விலை வீழ்ந்ததும், வேலை தேடி வந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவர். அவ்வூரில் பிறந்தவர்களோ கைத்தொழிலும் இன்றி, நிலமும் இன்றித் தவிப்பர்.

இந்நிலையைத் தவிர்ப்பது எவ்வாறு? இயற்கை தந்த செல்வத்தை அறிவுச் செல்வமாகவும், பயிற்சி பெற்ற ஆட்களாகவும், பொறுப்பறிந்த தலைவர்களாகவும் மாற்றிக்கொள்ள முடியுமா? இக்கேள்விக்கு விடை தேடுவோர் கவனிக்கத் தக்க இடம் ஐக்கிய அமெரிக்க நாட்டின் வட எல்லையிலுள்ள வடக்கு டகோட்டா மாநிலம். அதனை இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டதற்குத் தனிக் காரணமும் உண்டு. அங்கே மின்சார உற்பத்தியில் பெரும் பங்கு வகித்து வருபவை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களே. ஆதலின் நமது சங்கங்களின் அங்கத்தினர்கள் அவ்வரலாற்றைத் தம் உறவினர் வீட்டுச் செய்தியாகவே வாசிக்கலாம்.

நாட்டின் இயல்பு

வடக்கு டகோட்டா சுமார் 1,83,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. நமது தமிழ்நாட்டைவிடப் பெரியது. ஆனால் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 7,79,094 பேர் மட்டுமே. கோதுமையே தலையாய பயிர். பனிக்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்கும் 30 டிகிரி கீழே இறங்குவதுண்டு. மிசௌரி ஆறு மாநிலத்தின் நடுவே பாய்கிறது. அதன் கரையில் பிஸ்மார்க் என்னும் தலைநகர் அமைந்துள்ளது.

மேற்குப் பகுதியில் பழுப்பு நிலக்கரிப் படுகைகள் பரந்து கிடக்கின்றன. அதற்கும் ஆழத்தில் பெட்ரோலியம் உள்ளது. 1951ஆம் ஆண்டில் தியோகா என்னும் சிற்றூருக்கு அருகே முதன்முதலாக எண்ணெய் கிடைத்தது. இத்தனை வளம் இருந்தும், 1930இல் 6,80,845 ஆக இருந்த ஜனத்தொகை அதன்பின் குறைந்து, 80 ஆண்டுகள் வரை அந்த அளவைத் தாண்டவில்லை. படித்த இளைஞர்கள் வெளியேறிக்கொண்டே இருந்தனர் என்பதே இதன் பொருள். நிலத்தில் வளம் இருந்தால் மட்டும் மக்கள் நிலைபெற மாட்டார்கள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

விவசாயிகள் எழுந்த வரலாறு

இம்மாநிலத்தின் நிர்வாக அமைப்பை அறிய நூறாண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். கோதுமை விளைவித்தவர் டகோட்டா விவசாயி. அதனைத் தரம் பிரித்தவர்களும், விலை வைத்தவர்களும், கடன் கொடுத்து வட்டி வாங்கியவர்களும் அண்டை மாநிலமாகிய மின்னசோட்டாவின் நகரத்து வணிகர்கள். நமது நாட்டில் நெசவாளர்கள் நூலுக்கும் துணிக்கும் இடைத்தரகரை நம்பியிருந்த காலத்தை நினைவிற் கொண்டால் அந்த விவசாயிகளின் மனக்குமுறல் நமக்கு எளிதில் விளங்கும்.

1915இல் அவர்கள் 'கட்சிசாரா லீக்' என்ற இயக்கத்தைத் தொடங்கினர். 1916ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வியக்கத்தின் ஆதரவு பெற்ற லின் பிரேசியர் என்னும் விவசாயி கவர்னரானார். 1919இல் சட்டசபை மாநிலத்துக்கே சொந்தமான வங்கி ஒன்றை 20 லட்சம் டாலர் மூலதனத்துடன் நிறுவியது. 1922இல் மாநிலத்துக்குச் சொந்தமான மாவு ஆலையும் கிராண்ட் போர்க்ஸ் நகரில் இயங்கத் தொடங்கியது. இவ்விரண்டும் இன்றும் நடைபெறுகின்றன. ஐக்கிய அமெரிக்க நாட்டில் பொதுமக்களுடன் வாணிபம் செய்யும் மாநில அரசு வங்கி நெடுங்காலமாக இது ஒன்றே.

இந்நிறுவனங்களைக் கண்காணிக்க அதே 1919இல் 'தொழில் ஆணைக்குழு' ஒன்று அமைக்கப்பட்டது. அதில் கவர்னர், அட்டர்னி ஜெனரல், விவசாய ஆணையாளர் ஆகிய மூவரே அங்கம் வகிப்பர். மூவரும் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். பிற்காலத்தில் எண்ணெய்க் கிணறுகளுக்கு விதிகள் வகுப்பதும், நிலக்கரி ஆராய்ச்சிக்குப் பணம் வழங்குவதும் இக்குழுவின் பொறுப்பாயின. சுரங்கத் தொழிலின் தலைவிதியை நிர்ணயிக்கும் மேசையில் விவசாயிகளின் பிரதிநிதிக்கு ஓர் ஆசனம் தொடக்கத்திலேயே போடப்பட்டுவிட்டது என்பதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும்.

விளக்கு வந்த விதம்

1935இல் அமெரிக்க நாட்டுப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்தது. வடக்கு டகோட்டாவில் அதைவிடவும் குறைவு. வீட்டுக்கு வீடு மைல் கணக்கில் தூரமிருந்ததால் தனியார் கம்பெனிகள் கம்பி இழுக்க முன்வரவில்லை. அவ்வாண்டு மே மாதம் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கிராம மின்வசதி நிர்வாகம் என்னும் அமைப்பை ஏற்படுத்தினார். 1936இல் அதற்குச் சட்டம் வந்தது. விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தால் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் கிடைக்கும் என்பதே திட்டம். சங்கங்கள் முளைத்தன. அங்கத்தினர் சிறு தொகை செலுத்திச் சேர்ந்தனர். ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற நியதி நிலவியது. கம்பிகள் வயல்களைக் கடந்து சென்றன.

கம்பி கிடைத்தது, ஆனால் மின்சாரத்தை எங்கிருந்து வாங்குவது? மிசௌரி ஆற்று அணைகளின் மின்சாரம் பெருகிவரும் தேவைக்குப் போதாது என்பது 1950களின் இறுதியில் தெளிவாயிற்று. அப்போது பல சங்கங்கள் ஒன்றுகூடி 1961இல் 'பேசின் எலெக்ட்ரிக்' என்ற கூட்டுறவு மின் உற்பத்திச் சங்கத்தை நிறுவின. நமது தொடக்கச் சங்கங்கள் சேர்ந்து மத்தியச் சங்கம் அமைப்பதைப் போன்றதே இது. 1966இல் அதன் முதல் அனல் மின் நிலையம் மிசௌரிக் கரையில் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு இயங்கியது. இன்று பேசின் எலெக்ட்ரிக்கின் அங்கச் சங்கங்கள் ஒன்பது மாநிலங்களில் பரவி, சுமார் 30 லட்சம் நுகர்வோருக்கு மின்சாரம் வழங்குகின்றன.

பழுப்பு நிலக்கரியின் குறைகளும் ஆராய்ச்சியும்

பழுப்பு நிலக்கரி நமக்குப் புதியதன்று. நெய்வேலியில் 1956இல் நிறுவப்பட்ட பொதுத்துறை நிறுவனம் வெட்டியெடுத்து வருவதும் இவ்வகையே. இது நிலக்கரிக் குடும்பத்தில் இளைய பிள்ளை. முழுதும் கரியாக முற்றாதது. வடக்கு டகோட்டாவின் பழுப்பு நிலக்கரியில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீரே. நல்ல கருநிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறையப் பாதிதான் இதிலிருந்து கிடைக்கும். காற்றில் உலர்ந்தால் பொடிந்துவிடும். குவித்து வைத்தால் தானாகவே கனன்று தீப்பற்றவும் கூடும். நீரைச் சுமந்துகொண்டு ரயிலில் நெடுந்தூரம் அனுப்பினால் கூலி கட்டாது. ஆகவே சுரங்கத்தின் வாயிலிலேயே மின் நிலையம் கட்டி, நிலக்கரிக்குப் பதிலாக மின்சாரத்தை அனுப்புவதே வழியாயிற்று.

இதிலும் ஒரு தடை வந்தது. இந்நிலக்கரியின் சாம்பலில் சோடியம் மிகுந்திருந்தால், அது கொதிகலனின் குழாய்களில் உருகி ஒட்டிக் கல்லாக இறுகிவிடும். வெப்பம் நீருக்குச் செல்லாது. நிலையத்தை நிறுத்திச் சுரண்ட வேண்டிவரும். எந்தச் சுரங்கப் பகுதியில் சோடியம் அதிகம், எதனோடு எதைக் கலந்தால் ஒட்டுதல் குறையும் என்று கண்டறியாமல் கோடிக்கணக்கான டாலர் முதலீடு செய்வது எவ்வாறு?

இங்கேதான் ஆராய்ச்சியின் பயன் புலப்படுகிறது. 1951இல் மத்திய அரசின் சுரங்கத் துறை கிராண்ட் போர்க்ஸ் நகரில், வடக்கு டகோட்டா சர்வகலாசாலையின் அருகிலேயே, பழுப்பு நிலக்கரிக்கென ஓர் ஆராய்ச்சிக் கூடம் அமைத்தது. சாம்பல் ஒட்டும் காரணத்தை ஆராய்வது அதன் முக்கியப் பணிகளில் ஒன்று. 1983இல் மத்திய அரசு அதனைக் கைவிட்டது. அப்போது அக்கூடம் மூடப்பட்டு, விஞ்ஞானிகள் சிதறியிருக்கலாம். ஆனால் சர்வகலாசாலை அதனைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது. அன்றுமுதல் அரசுகளிடமும் தொழிற்சாலைகளிடமும் ஒப்பந்த வேலைகளைப் பெற்று, அவ்வருமானத்தாலேயே பெரிதும் நடந்து வருகிறது. 2019இல் மாநிலச் சட்டசபை அதனை மாநில எரிபொருள் ஆராய்ச்சி மையமாக அறிவித்து, எண்ணெய் வரியில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கியது.

ஆராய்ச்சி கொதிகலனோடு நிற்கவில்லை. விவசாயிகள் எழுப்பிய வினா வேறு: எங்கள் வயலைத் தோண்டியபின் மீண்டும் கோதுமை விளையுமா? திறந்தவெளிச் சுரங்கத்தில் மேல்மண்ணும் அடிமண்ணும் களியும் ஒன்றாகக் கலந்துவிட்டால் அந்நிலம் பாழ்தான். மாண்டன் நகரிலுள்ள விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் எவ்வளவு கனத்துக்கு நல்ல மண் போட்டால் எவ்வளவு விளைச்சல் கிடைக்கும் என்பதைச் சோதனை வயல்களில் அளந்தனர். மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியே எடுத்துக் குவித்து, வேலை முடிந்தபின் அதே வரிசையில் பரப்ப வேண்டும் என்பது விதியாயிற்று. 1977ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படி, மழை குறைந்த பகுதிகளில் சுரங்கக் கம்பெனி நிலத்தைச் சீர்செய்து விதைத்தபின் பத்தாண்டுகள் பொறுப்பேற்க வேண்டும். விளைச்சல் நிரூபணமான பின்னரே ஈட்டுத்தொகை முழுதும் விடுவிக்கப்படும். விஞ்ஞானியின் அளவுகோல் இல்லாதிருப்பின் இவ்விதியை அமல் செய்வது எவ்வாறு இயலும்?

கைவிடப்பட்ட தொழிற்சாலை

கூட்டுறவாளர்கள் சிறப்பாக அறிய வேண்டிய நிகழ்ச்சி பியூலா என்னும் ஊரில் நடந்தது. 1973இல் உலக எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டபின், நிலக்கரியிலிருந்து எரிவாயு தயாரிக்க வேண்டும் என்ற ஆர்வம் அமெரிக்காவில் ஓங்கியது. ஐந்து கம்பெனிகள் கூடி, மத்திய அரசின் உத்தரவாதத்தின்பேரில் சுமார் 150 கோடி டாலர் கடன் பெற்று, சுமார் 200 கோடி டாலர் செலவில் ஒரு பெரும் தொழிற்சாலையை எழுப்பின. பழுப்பு நிலக்கரிக் கட்டிகளை மூடிய கலங்களில் இட்டு, நீராவியும் பிராணவாயுவும் செலுத்தினால் கச்சா வாயு உண்டாகும். அதனைச் சுத்திகரித்து, இயற்கை எரிவாயுவுக்கு நிகரான வாயுவாக மாற்றிக் குழாய்வழி அனுப்புவர். கலத்துக்கு ஏற்காத பொடி நிலக்கரி பக்கத்திலேயே பேசின் எலெக்ட்ரிக் கட்டிய மின் நிலையத்தில் எரிக்கப்படும்.

1984இல் உற்பத்தி தொடங்கிற்று. ஆனால் அதற்குள் எரிவாயு விலை சரிந்துவிட்டது. 1985இல் கம்பெனிகள் கடனைச் செலுத்தாமல் விலகிக்கொண்டன. தொழிற்சாலை மத்திய அரசின் கைக்கு வந்தது. அதனை மூடிவிட்டால் பியூலாவும் சுற்றுப்புற ஊர்களும் என்னாகும்? பக்கத்து மின் நிலையத்தின் மின்சாரத்தில் ஒரு பங்கை வாங்கிவந்ததும் அத்தொழிற்சாலையே. ஆதலின் அது மூடப்பட்டால் சங்கத்துக்கும் பேரிழப்பு.

1988இல் பேசின் எலெக்ட்ரிக் அத்தொழிற்சாலையை 8½ கோடி டாலருக்கு வாங்கியது. வருங்கால இலாபத்தில் அரசுக்குப் பங்கு தருவதாகவும் ஒப்புக்கொண்டது. விவசாயிகளின் சங்கம் துணிந்து செய்த காரியம் இது. வாங்கியபின் அவர்கள் எரிவாயுவை மட்டும் நம்பியிருக்கவில்லை. வீணாகும் பொருள் ஒவ்வொன்றையும் விற்பனைப் பொருளாக்க முயன்றனர். புகைபோக்கியில் பிடித்த கந்தகம் அம்மோனியம் சல்பேட் உரமாயிற்று. அம்மோனியா உரமும் தயாரித்தனர். 2018இல் யூரியா உற்பத்தியும் தொடங்கியது. உரமாகியபோது, மின்சாரம் வாங்கிய விவசாயிகளே அதற்கும் வாடிக்கைக்காரர் ஆயினர். 2000ஆம் ஆண்டு முதல், காற்றில் கலந்துகொண்டிருந்த கரியமில வாயுவின் ஒரு பகுதியை 205 மைல் நீளமுள்ள குழாய்வழியே கனடா நாட்டின் வேபர்ன் எண்ணெய் வயலுக்கு விற்று வருகின்றனர். அங்கே அது பூமிக்குள் செலுத்தப்பட்டு, எஞ்சிய எண்ணெயை வெளிக்கொணர உதவுகிறது.

எனினும் எரிவாயு விலை தாழ்ந்த ஆண்டுகளில் அச்சுமை சங்கத்தையே அழுத்தியிருக்கிறது. கூட்டுறவு என்ற பெயர் இருப்பதால் மட்டும் நஷ்டம் வராமற் போய்விடாது. ஆனால் நஷ்டத்தைக் கண்டதும் கம்பெனியைப்போல் கதவைச் சாத்திவிட்டுப் போகாமல், மாற்று வழி தேடச் சங்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதன் சொந்தக்காரர்களும் வாடிக்கைக்காரர்களும் அதே மண்ணில் வாழ்பவர்கள்.

பணம் எங்கிருந்து வந்தது?

ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் பணம் வேண்டும். ஆண்டுதோறும் கையேந்தி நின்றால், விலை வீழும் ஆண்டில் முதலில் வெட்டப்படுவது இச்செலவே. ஆகவே வடக்கு டகோட்டா சட்டசபை 1987இல் பழுப்பு நிலக்கரி ஆராய்ச்சித் திட்டத்தை நிறுவி, நிலக்கரி வரியிலிருந்து அதற்கு ஒரு பங்கை ஒதுக்கியது. ஒரு திட்டத்துக்கு மாநிலம் ஒரு டாலர் கொடுத்தால், தொழில் நடத்துவோரும் குறைந்தது ஒரு டாலர் போட வேண்டும் என்பது அத்திட்டத்தின் அடிப்படை. சொந்தப் பணத்தைப் போடுகிறவர் வீண் ஆராய்ச்சிக்குச் சம்மதிக்க மாட்டார் அல்லவா?

எண்ணெய்ச் செல்வம் பெருகியது பிற்காலத்தில். 2006க்குப்பின், கிணற்றை ஆழத்தில் கிடைமட்டமாகத் திருப்பித் துளைத்துப் பாறையை நீரழுத்தத்தால் பிளக்கும் முறை 'பாக்கன்' என்னும் பாறையடுக்கில் வெற்றி பெற்றது. 2019இன் இறுதியில் நாளொன்றுக்குச் சுமார் 15 லட்சம் பீப்பாய் எண்ணெய் எடுக்கப்பட்டது. நோய்த்தொற்றுக் காலமாகிய 2020 மே மாதத்தில் அதுவே சுமார் 8½ லட்சமாக வீழ்ந்தது. ஐந்தே மாதங்களில் இந்த ஏற்ற இறக்கம்!

இத்தகைய வருமானத்தை நம்பிச் செலவுத் திட்டம் போடுவது ஆபத்து என்பதை 1980களின் வீழ்ச்சியில் அம்மக்கள் கண்டிருந்தனர். எண்ணெய் வரியைச் சேமிப்பில் வைக்கும் யோசனை 2008இல் மக்கள் வாக்குக்கு வந்தபோது நிராகரிக்கப்பட்டது. திருத்திய வடிவில் 2010இல் மீண்டும் வந்தபோது ஏற்கப்பட்டது. அதன்படி எண்ணெய், எரிவாயு வரியில் 30 சதவீதம் 2011 ஜூலை முதல் 'மரபு நிதி' என்ற கணக்கில் சேர்கிறது. 2017 வரை அசலைத் தொடவே கூடாது. அதன்பின்னும் சட்டசபையின் இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கினர் இசைந்தால்தான் அசலில் ஒரு வரம்புக்கு உட்பட்டு எடுக்கலாம். 2024க்குள் இந்நிதி 1,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. நமது சங்கங்களில் ஒதுக்கு நிதி எதற்கு என்று கேட்கும் அங்கத்தினர்களுக்கு இதனைச் சொல்லலாம்.

ஆட்களைப் பயிற்றுதல்

கருவியும் பணமும் இருந்தாலும் இயக்கத் தெரிந்த ஆள் வேண்டும். பனிப்புயலில் அறுந்த கம்பியை நள்ளிரவில் கட்டும் லைன்மேன், கொதிகலனின் அழுத்தத்தைக் கண்காணிக்கும் இயக்குநர், கருவிகளைச் செப்பனிடும் மெக்கானிக் ஆகியோரைப் பட்டப் படிப்பு மட்டும் உண்டாக்காது. பிஸ்மார்க் மாநிலக் கல்லூரி இத்தொழில்களுக்கென்றே வகுப்புகள் நடத்துகிறது. மின் நிலையத்தில் ஏற்கெனவே வேலை செய்பவர்கள் இடம் பெயராமலேயே கணினிவழிப் படித்து மேல்நிலைக்கு உயரவும் ஏற்பாடு உண்டு. சர்வகலாசாலை பெட்ரோலியப் பொறியியல் வகுப்பையும் நடத்துகிறது. எண்ணெய்ப் பகுதியிலுள்ள வில்லிஸ்டன் கல்லூரி, கிணற்று வேலையாட்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கிறது.

பயிற்றிய இளைஞன் வெளியூர் சென்றுவிட்டால் செலவு வீண்தானே என்ற ஐயம் எழலாம். இதற்கு 2019இல் ஓர் உபாயம் கண்டனர். தேவை மிகுந்த தொழிலைப் படிப்பவருக்கு மாநிலம் ஒரு பங்கும், வேலைக்கு அமர்த்த விரும்புவோர் சம பங்கும் போட்டு உதவித்தொகை அளிக்கின்றனர். படித்து முடித்தவர் மூன்றாண்டுகள் மாநிலத்துக்குள் வேலை செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. மாநில வங்கியும் மாணவர் கடனில் நெடுங்காலமாக ஈடுபட்டுள்ளது.

தலைமையும் ஒரு பயிற்சியே

பல கோடி டாலர் பெறும் மின் நிலையம் கட்டலாமா என்று முடிவு செய்கிறவர் யார்? அங்கச் சங்கங்கள் தேர்ந்தெடுத்த டைரக்டர்கள். அவர்களிற் பலர் விவசாயிகள், கால்நடை வளர்ப்போர். பொறியாளர் வைக்கும் அறிக்கையைப் படித்து, சரியான கேள்வி கேட்கும் திறன் அவர்களுக்கு வேண்டும். 1942இல் தோன்றிய கிராம மின் கூட்டுறவுகளின் தேசியச் சங்கம் இதற்கெனவே டைரக்டர் பயிற்சி வகுப்புகளை வகுத்து, முடித்தோருக்குச் சான்று வழங்குகிறது. சட்டப்பொறுப்பு, வரவுசெலவு அறிக்கையை வாசித்தல், எதிர்காலத் திட்டமிடல் ஆகியவை பாடங்கள். மேலும், 1964 முதல் கிராமப்புற மாணவர்களை ஆண்டுதோறும் தலைநகர் வாஷிங்டனுக்கு அழைத்துச் சென்று, அரசாங்கமும் கூட்டுறவும் நடக்கும் விதத்தைக் காட்டுகின்றனர். நாளைய டைரக்டரை இன்றைய பள்ளியிலேயே தேடும் முயற்சி இது.

தேர்தலில் வெல்வது ஒரு திறமை. நிர்வகிப்பது வேறொரு திறமை. முன்னதை மட்டும் உடையவரிடம் சங்கத்தின் சாவி சென்றால், சம்பளம் பெறும் அதிகாரியே எஜமானராகிவிடுவார், அல்லது அறியாமையே எஜமானராகிவிடும். சங்கங்களைப் பார்வையிடுகையில், நிர்வாகக் குழுவினர் கையொப்பமிட்ட அறிக்கையின் உள்ளடக்கத்தை அவர்களாலேயே விளக்க இயலாத நிலையை நாம் சில இடங்களில் காண்கிறோம். அவர்கள் நேர்மையில் குறையுள்ளவர்கள் அல்லர். அவர்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை என்பதே குறை.

மறுபக்கமும் சோதனையும்

நன்மையை மட்டும் கூறி முடிப்பது முறையன்று. மிசௌரி ஆற்றின் காரிசன் அணை கட்டப்பட்டபோது, 1950களின் தொடக்கத்தில், மாண்டன், ஹிடாட்சா, அரிக்காரா என்னும் மூன்று பழங்குடிகளின் 1,50,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் நீரில் மூழ்கிற்று. மூழ்கியது ஆற்றங்கரையின் நல்ல விளைநிலம். நாட்டுக்கு மின்சாரமும் வெள்ளத் தடுப்பும் கிட்டியபோது, விலை கொடுத்தவர்கள் அவர்கள். எஞ்சிய அவர்கள் நிலத்தின் அடியில் பின்னர் எண்ணெய் கிடைத்தது. இப்போது அப்பழங்குடிகள் எண்ணெய் வரியில் பங்கு பெறுவதோடு தமக்கெனக் கல்லூரி ஒன்றையும் நடத்துகின்றனர். ஆனால் மூழ்கிய ஊர்கள் திரும்பவில்லை.

அடுத்து இன்றைய சோதனை. கரியமில வாயுவால் பூமியின் வெப்பம் உயர்கிறது. பழுப்பு நிலக்கரி அவ்வாயுவை மிகுதியாக வெளிவிடுவது. காற்றாலையின் மின்சாரமோ மலிந்துவிட்டது. வடக்கு டகோட்டாவிலேயே உற்பத்தியாகும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்போது காற்றிலிருந்து வருகிறது. 2020 மே மாதத்தில், மின்னசோட்டாவைச் சேர்ந்த ஒரு மின் கூட்டுறவு, அண்டர்வுட் அருகே தனக்குச் சொந்தமான 'கோல் கிரீக்' என்னும் பெரிய நிலையத்தை 2022இல் மூடிவிடப் போவதாக அறிவித்தது. அந்நிலையமோ, வீணாகும் வெப்பத்தைக் கொண்டே நிலக்கரியை உலர்த்தி எரிக்கும் புதுமுறையை ஆராய்ந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சிறந்த ஆராய்ச்சி இருந்தும் சந்தை அதனைக் காக்கவில்லை. நிலையத்திலும் சுரங்கத்திலும் வேலை செய்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இரண்டாண்டுகள் கவலையில் இருந்தன. இறுதியில் 2022 மே மாதத்தில் வேறொரு நிறுவனம் அதனை வாங்கி நடத்தத் தொடங்கியது.

இங்கே கூட்டுறவுக்குள்ளேயே ஒரு முரண்பாடு தோன்றுவதை நோக்குக. மின்சாரம் வாங்கும் அங்கத்தினர்கள் மின்னசோட்டாவில். வேலை செய்வோர் டகோட்டாவில். முன்னவர் நலம் மலிவான மின்சாரம். பின்னவர் நலம் நிலையம் நீடிப்பது. அங்கத்தினரல்லாத தொழிலாளிக்கு மகாசபையில் வாக்கு இல்லை. சங்கம் தன் அங்கத்தினர்க்குச் செய்ய வேண்டியதைச் செய்தது எனலாம். ஆயினும் அவ்வூராரின் துயரத்தை அதனால் இல்லையென்று சொல்லிவிட முடியாது.

விஞ்ஞானிகள் இப்போது வேறு வழிகளை நாடுகின்றனர். கரியமில வாயுவைப் பிடித்து ஆழமான பாறையடுக்கில் நிரந்தரமாகச் செலுத்தும் முறை ஒன்று. இதற்கான கிணறுகளுக்கு அனுமதி வழங்கும் அதிகாரத்தை 2018இல் நாட்டிலேயே முதலாவதாகப் பெற்ற மாநிலம் வடக்கு டகோட்டா. 2022இல் ரிச்சர்ட்டன் ஊரில் மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் தயாரிக்கும் ஆலை ஒன்று தன் வாயுவை இவ்வாறு பூமிக்குள் அனுப்பத் தொடங்கியது. பழுப்பு நிலக்கரியிலிருந்து, காந்தங்களுக்கும் மின்னணுக் கருவிகளுக்கும் தேவைப்படும் அருமண் தனிமங்களைப் பிரித்தெடுக்கவும் சர்வகலாசாலையில் முயற்சி நடக்கிறது. இவை எந்த அளவுக்குப் பலிக்கும் என்பதை விலையும் காலமுமே தீர்மானிக்கும். ஆனால் ஆராய்ச்சிக் கூடமும் பயிற்சி பெற்ற ஆட்களும் இருப்பதால்தான் முயலவாவது முடிகிறது.

நாம் கொள்ள வேண்டுவது

நமது சங்கங்களுக்கு நிலக்கரிச் சுரங்கம் இல்லை. எண்ணெய் வரியும் இல்லை. எனினும் ஆண்டு இலாபத்தில் ஒதுக்கு நிதிக்கும், கூட்டுறவு ஆராய்ச்சி வளர்ச்சி நிதிக்கும், கூட்டுறவு கல்வி நிதிக்கும் பங்கு எடுத்து வைக்கும் முறை நமக்கும் உண்டு. இத்தொகைகளை இலாபப் பங்கில் விழும் வெட்டாக எண்ணுவோர் இன்னும் இருக்கின்றனர். செலுத்திவிட்டோம், கடமை தீர்ந்தது என்று இருப்பவர்களோ அதனினும் மிகுதி. செலுத்திய நிதியால் கிடைக்கும் பயிற்சிக்கு நம் சங்கத்திலிருந்து யாரை அனுப்பினோம் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

ஆராய்ச்சி என்றதும் பெரிய கூடங்களையே நினைக்க வேண்டியதில்லை. ஒரு கட்டு நூலுக்குச் சாயமேற்ற எவ்வளவு விறகு செலவாகிறது என்று ஆறு மாதம் எழுதி வைத்த நெசவாளர் சங்கம், அடுப்பைத் திருத்தியமைத்தபின் மிச்சமாவது எவ்வளவு என்று சொல்ல முடியும். எழுதாத சங்கம் ஊகிக்கத்தான் முடியும். ஒரு ஏக்கருக்குப் பம்புசெட் எத்தனை மணி ஓடுகிறது என்று குறித்து வைக்கும் விவசாயியும் அவ்வாறே. மாண்டன் நகரில் மண்ணின் கனத்தை அளந்தவர்கள் செய்ததும் அடிப்படையில் இத்தகைய கணக்கெழுதும் வேலையே.

வரும் மகாசபையில் அங்கத்தினர்கள் மூன்று விவரங்களைக் கேட்குமாறு வேண்டுகிறோம். சென்ற ஆண்டில் நிர்வாகக் குழுவினரும் ஊழியரும் எந்தப் பயிற்சிக்குச் சென்றனர்? அங்கத்தினரின் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தொழிற்கல்வி பெறச் சங்கம் வழிகாட்டியது? இப்போதைய காரியதரிசி ஓய்வு பெற்றால் கணக்கை ஏற்று நடத்தக்கூடியவர் யார்? இவற்றுக்கு விடை இருந்தால் அறிக்கையில் பதியச் செய்யுங்கள். இல்லையெனில், அக்கூட்டத்திலேயே ஒருவரைப் பெயர் குறித்து, அடுத்த வகுப்புக்கு அனுப்பத் தீர்மானம் நிறைவேற்றுங்கள்.